ஒப்பீட்டுக் கார்

என் தம்பி ஜெயித்த செய்தியும் மாட்டிக்கொண்ட செய்தியும் ஒரே தொலைபேசி அழைப்பில், ஒரே மூச்சில் வந்தன. அவன் விஷயத்தில் எப்போதும் இப்படித்தான். அவன் பிறந்தபோதுகூட, பையன் பிறந்தான் என்று சொல்ல வந்த நர்ஸ் அதே வாயால் தன் கடிகாரத்தைப் பிடித்து இழுத்துவிட்டான் என்றும் சொன்னதாக அம்மா சொல்வாள்.

அழைப்பு வந்தபோது நான் மூன்றடுக்கு கேக் ஒன்றைக் காரின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பலகையின் ஒரு முனையை என் கணவர் பிடித்திருந்தார், மறுமுனையை நான். ஒரு தம்பதியின் வெள்ளிவிழாத் திருமண நாளுக்கான கேக் அது. ஆறு மணிக்குள் ஓட்டலில் இறக்க வேண்டும். வெள்ளை கிரீம், ஓரத்தில் வெள்ளி நிறத்தில் சின்னச் சின்ன இலைகள். இலைகளை மட்டும் இரண்டு நாள் உட்கார்ந்து செய்திருந்தேன்.

இதுதான் நான் செய்யும் கடைசி கேக் என்று காலையிலேயே கணவரிடம் சொல்லியிருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூன்று மாதமாக நான் கொண்டுபோகிற கேக் எல்லாம் சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டு மேஜையில் சிப்பாய் மாதிரி நிமிர்ந்து நிற்கும். போய்ச் சேர்ந்து கார்க் கதவைத் திறந்தால் தலையைத் தொங்கப் போட்டிருக்கும். பல் டாக்டர் வீட்டுப் பெண்ணின் பிறந்தநாளுக்குக் கோட்டை மாதிரி ஒரு கேக் செய்தேன். போய்ச் சேர்ந்தபோது போரில் தோற்ற கோட்டையாக இருந்தது. அந்தக் குழந்தை அழவில்லை, நான்தான் அழுதேன்.

முதலில் சர்க்கரையைச் சந்தேகப்பட்டேன். பிறகு வெண்ணெயை. குளிர்பதனப் பெட்டியை ஆள் வைத்துச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மிச்சம் இருந்தது என் கைதான். பதினெட்டு வருஷமாக இந்தக் கையை நம்பித்தான் தொழில் நடந்தது. இப்போது கண்ணாடி முன்னால் நின்று கையை நீட்டி, நடுங்குகிறதா என்று பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டேன். உற்றுப் பார்த்தால் எந்தக் கையும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஓட்டலில் விருந்துகளைக் கவனிக்கிற மேனேஜர் போன வாரம் பக்குவமாகத்தான் சொன்னார். "மேடம், இன்னொரு தடவை சாய்ஞ்சுதுன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க." தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சாய்ந்த கேக்கை எந்த மேனேஜர் எத்தனை நாள் தாங்குவார்?

"ஒரு நாலு கேக் சாய்ஞ்சா கடையை மூடிடுவாங்களா?" என்றார் கணவர், பலகையை உள்ளே தள்ளியபடி.

"கை போச்சுங்க."

"கை எங்கயும் போகல. நேத்து கரன்ட் இல்லாதப்ப என் சட்டைப் பட்டனைத் தைச்சது யார் கை?"

அந்த நேரத்தில்தான் தொலைபேசி அடித்தது. பல் டாக்டர்.

"மேடம், உங்க தம்பி இன்னிக்கு ரேஸ்ல ஜெயிச்சுட்டார், வாழ்த்துகள், அவர் மேல நான் புகார் குடுத்திருக்கேன்," என்றார்.

பல் டாக்டர் கெட்டவர் இல்லை. வார நாட்களில் பல் பிடுங்குவார், ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவார். இரண்டையும் சிரித்துக்கொண்டேதான் செய்வார். தொடர்ந்து மூன்று முறை கோப்பை வாங்கியவர். அன்று முதல் முறையாக என் தம்பிக்குப் பின்னால் வந்திருந்தார்.

அவர்கள் ஓட்டுகிற பிரிவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேர் பெரிது, கிராண்ட் டூரிங். பெட்டி படுக்கையோடு இரண்டு பேர் சொகுசாக நெடுந்தூரம் போவதற்கென்று செய்த கார்களை, பெட்டியும் இல்லாமல் படுக்கையும் இல்லாமல் ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டுவது. இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நான் கேட்பேன். அந்தப் பிரிவின் விதியில்தான் சுவாரசியம் என்பான் தம்பி. ஷோரூமில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய கார்தான் ஓட வேண்டும். உள்ளே மெத்தை, பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு இரும்புக் கூண்டு மாட்டலாம். சீட்டு, பெல்ட், டயர், பிரேக் பட்டை மாற்றலாம். மற்றபடி இன்ஜினிலிருந்து ஸ்பிரிங் வரை கம்பெனி எப்படிக் கொடுத்ததோ அப்படியே இருக்க வேண்டும். ஹாரன்கூட அடிக்க வேண்டும். யாராவது ஏமாற்றுகிறார் என்று சந்தேகம் வந்தால், அதே மாடலில் தெருவில் ஓடுகிற சாதாரண காரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, இரண்டையும் கழற்றி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதற்கு ஒப்பீட்டுக் கார் என்று பேர். இரண்டும் ஒன்றாக இருந்தால் தப்பித்தார். வித்தியாசம் இருந்தால் வெற்றியும் போகும், ஒரு வருஷத்துக்கு ரேஸ் ஓட்டும் உரிமமும் போகும்.

தம்பியின் காருக்கு இந்த ஊரிலேயே ஒரே ஒரு ஜோடிதான் உண்டு. அது என் கார். கம்பெனி அந்த மாடலை நிறுத்தப்போகிற சமயத்தில், யாரும் சீண்டாத மஞ்சள் நிறத்தில் இரண்டு கார்கள் ஷோரூமில் மிஞ்சியிருந்தன. ஒரே நாளில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். அவன் இன்ஜினைப் பார்த்து மயங்கினான். நான் பின்பக்கக் கதவைத் திறந்து பார்த்தேன். பின்சீட்டை மடித்தால் மூன்றடுக்கு கேக் நிற்கிற அளவுக்கு அகலமும் தட்டையுமாக இடம் இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தேவை.

"என் தம்பி மேல என்ன புகார் டாக்டர்?"

"வளைவுல அவர் கார் குலுங்கவே இல்ல மேடம். வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போகுது. அந்த மாடல் அப்படிப் போகாது. எனக்கு நல்லாத் தெரியும். என் பொண்ணு பிறந்தநாளுக்கு உங்க கார் எங்க வாசல்ல வந்து நின்னுதே, டிராக்டர் மாதிரி குலுங்கிட்டு வந்துச்சு. அதே கார் இப்படி எப்படிப் போகும்? ஸ்பிரிங்ல ஏதோ தில்லுமுல்லு இருக்கு. நீங்க உங்க காரைக் கொண்டுவந்தா அரை மணி நேரத்துல தெரிஞ்சுடும். அதிகாரி உங்களைக் கூப்பிடச் சொன்னார்."

ஓட்டலுக்குப் போகிற வழியில்தான் ரேஸ் மைதானம். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். வைத்த கையோடு தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, அந்தப் பல்லு உனக்கு ஃபோன் பண்ணினாரா?"

"பண்ணினார். நீ ஜெயிச்சியாமே!"

"அதை விடு. நீ வராதே."

"ஏன்டா?"

"உன் கேக் என்ன ஆகறது? பாவம்."

பதினெட்டு வருஷத்தில் என் தம்பி என் கேக்கைப் பற்றிக் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. 

"நான் வரலேன்னா என்ன பண்ணுவாங்க?"

"காரை சீல் வெச்சுக் கம்பெனிக்கு அனுப்பிப் பார்ப்பாங்க. ரெண்டு மூணு மாசம் ஆகும். ஆகட்டுமே. எனக்கென்ன அவசரம்?"

ஏழு வருஷமாக ஒரு ரேஸில் முதலாவதாக வரவேண்டும் என்று தூக்கத்தில்கூடக் கியர் போட்டுக்கொண்டிருந்தவன், வந்த பிறகு அவசரம் இல்லை என்கிறான். எனக்குச் சந்தேகமே இல்லை. பயல் ஏதோ செய்திருக்கிறான். சின்ன வயதில் அவன் முழியைப் பார்த்தே கண்டுபிடிப்பேன், இப்போது குரலே முழித்தது. பள்ளிக்கூட நாட்களில் எனக்கும் அவனுக்கும் ஒரே மாதிரி ஜாமெட்ரி பாக்ஸ். அவன் காம்பஸின் முனை எப்போது உடைந்தாலும் உடைந்த காம்பஸ் என் பெட்டியில் இருக்கும், என்னுடையது அவன் பெட்டியில் இருக்கும். கேட்டால் ரெண்டும் ஒண்ணுதானேக்கா என்பான். அப்படிப்பட்ட பையன்தான். ஆனால் ரேஸில் ஏமாற்றுகிறவன் இல்லை என்று நினைத்திருந்தேன்.

"போகாதே," என்றார் கணவர். "கேக் முக்கியம்."

"தப்பு பண்ணியிருந்தா என் கண்ணு முன்னால மாட்டட்டும். பண்ணலேன்னா என் கண்ணு முன்னால தப்பிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

நான் கேக் கொண்டுபோகிற வேகத்தில் நாய்கள்கூட என் காரைத் துரத்துவதில்லை. அது தங்களுக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைத்துவிடும். அப்படியும் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் தடக் என்று விழுந்தது. கொஞ்ச காலமாகவே இப்படித்தான். சர்வீஸ் செய்து கொடுத்த தம்பியிடம் கேட்டதற்கு, ரோடு மோசம்க்கா, ஊரெல்லாம் தோண்டிப் போட்டிருக்காங்க என்றான். தோண்டித்தான் போட்டிருந்தார்கள். நானும் நம்பினேன். மோசமான சாலையில் கேக் கொண்டுபோவது எனக்குப் புதிது இல்லை, அதனால்தான் என் கையைச் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு தடக்குக்கும் நெஞ்சு ஒரு தடவை எகிறி இறங்கியது.

மைதானத்தில் கார்களைச் சோதிக்கிற கொட்டகைக்கு வழி காட்டினார்கள். உயரமான தகரக் கூரை, பெயின்ட் அடித்த தரை, ரப்பரும் பெட்ரோலும் கலந்த வாசனை. நடுவில் தம்பியின் மஞ்சள் கார், நெற்றியில் எண் ஒட்டி, மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி தலை குனிந்து நின்றது. பக்கத்தில் தம்பி. ஜெயித்தவன் முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்ததும் கூரையைப் பார்த்தான்.

சோதனை அதிகாரி ஒரு பெண். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், கழுத்தில் ஒரு சின்ன டார்ச் தொங்கியது. "வந்ததுக்கு நன்றி மேடம். காரைக் காலி பண்ணணும்," என்றார்.

பின்பக்கக் கதவைத் திறந்தேன். திறந்ததும் பார்த்துவிட்டேன். நடு அடுக்கு ஒரு விரல் அகலம் இடப்பக்கம் நகர்ந்திருந்தது. மேல் அடுக்கு அதோடு சேர்ந்து சாய்ந்திருந்தது. வெள்ளி இலைகள் ஒரு பக்கம் கிரீமுக்குள் அமுங்கிப் போயிருந்தன.

எனக்கு அழுகை முட்டியது. இத்தனைக்கும் இன்று அடுக்குகளுக்குள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு குச்சிகள் சொருகியிருந்தேன். முடிந்தது என்று நினைத்தேன். கடைசிக் கேக்கும் சாய்ந்துவிட்டது. இனி மேனேஜர் சொல்லக்கூட வேண்டாம்.

அதிகாரி, பல் டாக்டர், தம்பி, நான் நால்வரும் பலகையைத் தூக்கி, காரின் பாகங்களை வைத்து அளக்கிற இரும்பு மேஜையில் கேக்கை வைத்தோம். "பயப்படாதீங்க, இந்த ஊர்லயே மட்டமான மேஜை இதுதான்," என்றார் அதிகாரி. தரத்தைச் சொல்கிறாரோ என்று ஒரு கணம் பார்த்தேன். அவர் ரசமட்டத்தை எடுத்துக் கேக்கின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். குமிழ் அசையாமல் நடுவில் நின்றது. எனக்குத்தான் எதுவும் நிலையாக இல்லை.

முதலில் தம்பியின் காரைத் தூக்கிப் பின்சக்கரங்களைக் கழற்றினார்கள். உள்ளேயிருந்த இரண்டு சுருள் ஸ்பிரிங்குகளையும் எடுத்து மேஜையில், கேக்கிலிருந்து மரியாதையான தூரத்தில் வைத்தார்கள். கறுப்பு ஸ்பிரிங், மேல் சுருளில் மஞ்சள் பொட்டு. அதிகாரி நீளம் அளந்தார், கம்பியின் தடிமன் அளந்தார், சுருள்களை எண்ணினார். பல் டாக்டர் குனிந்து, நோயாளியின் வாயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அடுத்து என் கார். ஜாக்கி ஏறியது. தம்பி மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான்.

"எங்க போறே?" என்றேன்.

"தண்ணி குடிக்க."

"கையிலயே பாட்டில் இருக்கே."

நின்றான். என் காரின் பின்சக்கரம் வெளியே வந்தது. அதிகாரி டார்ச்சை உள்ளே அடித்தார். பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றி எடுத்து மேஜையில் வைத்தார். அது சிவப்பு. தம்பியினுடையதைவிடக் குட்டை, கிட்டத்தட்ட முக்கால்வாசிதான் இருந்தது. ஒரு முனை கம்பெனி வளைத்தபடி தட்டையாக முடிந்திருந்தது. மறுமுனை மொட்டையாக நின்றது. அதிகாரி அதன்மேல் கட்டை விரலை ஓட்டினார்.

"இது ரம்பத்தால அறுத்தது," என்றார்.

பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பினார். "மேடம், அந்தக் கார்ல இருக்கறது கம்பெனி ஸ்பிரிங். எந்தத் தப்பும் இல்ல. ரேஸுக்காக வெட்டின ஸ்பிரிங் இருக்கறது உங்க கார்லதான். இத்தனை வருஷத்துல ஒப்பீட்டுக் கார் தோத்து நான் பார்த்ததே இல்ல."

"அப்போ நான் டிராக்டர்னு சொன்னது..." என்று ஆரம்பித்த பல் டாக்டர், கேக்கைப் பார்த்தார், சிவப்பு ஸ்பிரிங்கைப் பார்த்தார், என் தம்பியைப் பார்த்தார். "என் பொண்ணோட கோட்டை!" என்றார்.

கையும் களவுமாகப் பிடிபட்ட தம்பி அசடு வழிந்தான். விஷயம் சின்னதுதான். போன வருஷம் வேறு பிரிவில் ஓட்டினான். அங்கே ஸ்பிரிங்கை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். காரின் பின்பக்கம் தாழ்ந்து விறைப்பாக நிற்க வேண்டும் என்று தன் ஸ்பிரிங்குகளை அறுத்துச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டான். இந்த வருஷம் இந்தப் பிரிவுக்கு மாறியபோது கம்பெனி ஸ்பிரிங் வேண்டும். மாடலையே நிறுத்திவிட்டதால் கடையில் கிடைக்கவில்லை. அப்போது பார்த்து நான் காரை அவனிடமே சர்வீஸுக்கு விட்டேன்.

"சீசன் முடிஞ்சதும் திரும்ப மாட்டிடலாம்னுதான்க்கா. உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். ரெண்டும் ஒரே கார்தானே."

அவன் சொல்லிக்கொண்டே போனான். நான் கேட்கவில்லை. என் காதில் ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்ப விழுந்தது. ஸ்பிரிங். சர்க்கரை இல்லை, வெண்ணெய் இல்லை, என் கை இல்லை. மூன்று மாதமாகத் தூங்காமல் கிடந்தேனே, கண்ணாடி முன்னால் கையை நீட்டி நீட்டிப் பார்த்தேனே, எல்லாம் இந்தச் சிவப்புக் கம்பிக்காக. கோபம் வரும் என்று எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் வரும் என்றுதான் காத்திருந்தேன். வந்தது சிரிப்பு. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். தம்பி பயந்துவிட்டான். நான் திட்டினால் அவனுக்குப் பழக்கம், சிரித்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

"ஒரு சிக்கல் மிச்சம் இருக்கு," என்றார் அதிகாரி. "இன்னொருத்தர் கார்ல இருந்து பாகம் எடுத்து மாட்டலாம், விதி அனுமதிக்குது. ஆனா அந்தக் காரோட சொந்தக்காரர் சம்மதம் வேணும். சம்மதம் இல்லாம எடுத்ததுன்னா இந்த வெற்றி செல்லாது. நீங்க குடுத்தீங்களா மேடம்?"

தம்பி தரையைப் பார்த்தான். அவன் காதுகள் சிவந்திருந்தன. காம்பஸ் உடைந்த நாட்களிலும் அப்படித்தான் சிவக்கும். கொடுத்தேன் என்று சொன்னால் பொய். கொடுக்கவில்லை என்றால் ஏழு வருஷக் கனவு போகும். இவன் செய்த காரியத்துக்குப் போகட்டும் என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் அவன் ஒருவரையும் ஏமாற்றி ஜெயிக்கவில்லை. என்னை மட்டும்தான் ஏமாற்றியிருந்தான். அது ரேஸுக்கு வெளியே இருக்கிற கணக்கு.

"அம்மா வயித்துல இருந்து வந்த நாள்ல இருந்து அவன் எடுக்கறதுதான், நான் குடுக்கறதுதான்," என்றேன். "எதையும் அவன் கேட்டு எடுத்ததில்ல. எடுத்ததை நான் வேணாம்னு சொன்னதும் இல்ல. இதுக்கும் அப்படியே எழுதிக்கோங்க. எனக்குச் சம்மதம்தான்."

அதிகாரி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பல் டாக்டரைப் பார்த்தார். "எனக்கு ஆட்சேபம் இல்ல," என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக.

தம்பி என் கையைப் பிடிக்க வந்தான். நான் கையை இழுத்துக்கொண்டேன். "இரு. சம்மதம் இன்னிக்கு ரேஸ் வரைக்கும்தான். இப்போ எனக்கு என் ஸ்பிரிங் வேணும். இந்த நிமிஷமே."

"இங்கேயா? அப்போ என் கார்?"

"உன் கார் ஜெயிச்ச கார்தானே, அதுக்கென்ன, கட்டை மேல நிக்கட்டும்."

அதிகாரி முடிவை அறிவித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எடுத்துக்கலாம் என்று கையைக் காட்டினார். தம்பி ரேஸ் உடையோடு என் காருக்கு அடியில் புகுந்தான். மறுபக்கம் பல் டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு புகுந்தார். தோற்றவரும் ஜெயித்தவரும் கேக் கொண்டுபோகிற காருக்கு ஸ்பிரிங் மாட்டுவதைப் பார்க்க வெளியிலிருந்து நாலைந்து பேர் வந்து நின்றார்கள்.

நான் இரும்பு மேஜைக்குப் போனேன். பையில் எப்போதும் தட்டைக் கத்தியும், ஒரு டப்பா கிரீமும், உபரியாக நாலைந்து இலைகளும் இருக்கும். மேல் அடுக்கைத் தூக்கித் தனியே வைத்தேன். நடு அடுக்கைக் கத்தியால் நெம்பி, விரல் அகலம் தள்ளி இடத்துக்குக் கொண்டுவந்தேன். குச்சிகளை மறுபடி சொருகி மேல் அடுக்கை ஏற்றினேன். கிரீமைத் தடவி வழித்து, அமுங்கிய இலைகளுக்குப் பதில் உபரி இலைகளை ஒட்டினேன். யாரோ கருவிகளைத் தரையில் போட்டுச் சத்தம் செய்தார்கள், இன்னொரு கார் இன்ஜினை உறுமவிட்டது. என் கை அசையவில்லை. எப்படி அசையும்? அதற்கு எதுவுமே ஆகவில்லையே.

காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டிய பல் டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். "மேடம், ஒரு கடைவாய்ப் பல்லை இந்த நிதானத்துல எடுக்கறவரை நான் பார்த்ததில்ல. உங்க கை கல்லு மாதிரி நிக்குது," என்றார். அவர் முகஸ்துதிக்குச் சொல்லவில்லை. கையை வைத்துப் பிழைக்கிற இன்னொருவர் சொன்னது அது. அதை நான் ரொம்ப நாளைக்கு மறக்கமாட்டேன்.

கிளம்பும்போது தம்பியையும் காரில் ஏற்றிக்கொண்டேன். அவன் கார்தான் கட்டை மேல் நின்றதே. முன்சீட்டில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒரு கையால் கேக் பலகையையும் மறுகையால் கோப்பையையும் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, கொஞ்சம் வேகமா போலாமே. சைக்கிள்காரன் நம்மள முந்திட்டுப் போறான்."

"வாயை மூடிட்டுப் பலகையைப் பிடி."

ஓட்டலுக்கு முன்னால் ஒரு பெரிய வேகத்தடை உண்டு. மூன்று மாதமாக அங்கே வந்ததும் என்னையறியாமல் கண்ணை மூடிக்கொள்வேன். அன்று திறந்தே வைத்திருந்தேன். கார் மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது, அவ்வளவுதான். தடக் இல்லை.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"அப்படியே இருக்குக்கா," என்றான் தம்பி. "மூணு மாசமா உன்னை இப்படிப் படுத்தியிருக்கேன். நீ கேக் செய்யறதையே விடப்போறேன்னு மாமா கிளம்பறப்பதான் ஃபோன்ல சொன்னார். நீ எனக்குச் சொல்லவே இல்லையே."

"நீயும்தான் ஸ்பிரிங்கைப் பத்திச் சொல்லல."

அவன் கோப்பையைக் காலடியில் வைத்துவிட்டுப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் ஏற்கெனவே வருத்தத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். கேக்கைக் கொண்டுபோய் மண்டபத்தின் நடு மேஜையில் வைத்தோம். அவர் அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறுபக்கம் போய் அதேபோலப் பார்த்தார்.

"நேரா இருக்கு மேடம்," என்றார், நம்ப முடியாமல்.

"தெரியும்," என்றேன்.

மண்டபத்து விளக்கில் வெள்ளி இலைகள் மின்னின. தம்பி, எண்ணெய்க் கறை படிந்த ரேஸ் உடையோடு, கேக்கைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ஜெயித்தபோதுகூட அவன் அப்படி அடக்கமாக நின்றிருக்கமாட்டான். வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்றோம். ஏதோ சொல்ல வந்து இரண்டு தடவை விழுங்கினான்.

"என்னடா?"

"அடுத்த ரேஸ் மூணு வாரத்துல இருக்கு."

"இருக்கட்டும்."

"அக்கா... உன் ஸ்பிரிங்கை அன்னிக்கு ஒரு நாள் தர்றியா?"

அவன் பிறந்ததிலிருந்து என்னிடம் ஒன்றைக் கேட்டு வாங்க நினைத்தது அதுவே முதல் தடவை. எனக்கு உள்ளே என்னவோ செய்தது. அதை அவனிடம் காட்டிக்கொள்ளாமல் சாவியை எடுத்துக் கார்க் கதவைத் திறந்தேன்.

"இப்பவே எப்படிச் சொல்றது?" என்றேன். "அன்னிக்கு எனக்குக் கேக் ஆர்டர் இருக்கான்னு பார்த்துட்டுச் சொல்றேன்."